"சரி, உருட்டு" என்று யார் சொல்வது?

கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். கல்யாணம், பொங்கல் என்று ஏதாவது வந்தால்தான் சாவிக்கொத்து காரைக்குடியிலிருந்து கிளம்பும். போன பொங்கலுக்கு அப்படித் திறந்தபோது, இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. பிள்ளைகளின் மொபைல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆறு பேரும் வளவில் எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். என் பையில் இருபது முகப் பகடை ஒன்று எப்போதும் கிடக்கும். எடுத்தேன்.

"ஒரு வீடு. இதே மாதிரி வீடுதான். ஆனா நாப்பது வருஷமா யாரும் திறக்கலை. ரெண்டாங்கட்டுல ரங்கூன்லேருந்து கப்பல்ல வந்த பெட்டகம் ஒண்ணு இருக்கு. அதைத் தேடித்தான் வந்திருக்கீங்க. முகப்பைத் தாண்டி உள்ளே வந்தாச்சு. வளவுல ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கு. சங்கிலி இல்லை. தலையைத் தூக்கி உங்களைப் பாக்குது. என்ன செய்வீங்க?"

மூன்று வழிகளை நான் யோசித்து வைத்திருந்தேன். சண்டை போடலாம், பதுங்கிப் போகலாம், சுற்றிக்கொண்டு பின்கட்டு வழியாக நுழையலாம். ஒன்பது வயதுத் தங்கை மகள், "அம்மான், நான் நாய்க்குத் தேன்குழல் போடுறேன்" என்றாள். உன் பையில் தேன்குழல் இருக்கிறதா என்று கேட்டேன். "பொங்கலுக்கு வந்துட்டு இல்லாம இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயம்தான். ஆனால் நாய்க்குத் தேன்குழல் பிடிக்குமா என்பதற்கு எந்த விதிப் புத்தகத்திலும் பதில் கிடையாது.

"சரி, உருட்டு. 12 இல்லேன்னா அதுக்கு மேல விழுந்தா சாப்பிடும்."

17 விழுந்தது. ஊஞ்சலில் படுத்திருந்த அப்பத்தா, "புது எண்ணெயில சுட்டதை நாய்க்குப் போடுறாளாக்கும்" என்று முனகினார். அதன் பிறகு பெட்டகத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாய்க்குப் பெயர் வைப்பது, அதை ஏவி எலி பிடிப்பது, வாட்ச்மேன் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பது என்று கதை வேறு பக்கம் ஓடியது.

மறுநாள் கரண்ட் வந்ததும் லேப்டாப்பில் 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தைக் காட்டினேன். நேற்று ஆடியதும் இதுவும் ஒரே வம்சம் என்றேன். அதிலும் ஒரு நாய் உண்டு. ஸ்க்ராட்ச் என்று பெயர், செத்துப்போன எசமானின் உடலுக்குக் காவல் நிற்கும். அருகில் போனால் என்ன செய்யலாம் என்று திரையில் ஒரு பட்டியல் வரும். பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "தேன்குழல் போட எதை அழுத்தணும்?"

மேசையில் ஆடும் ஆட்டத்தை வீடியோ கேம் ஆக்குவதில் இருக்கிற மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில், மேசை ஆட்டம் என்பது என்ன

டேபிள்டாப் ஆர்.பி.ஜி., அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மேசையில் ஆடும் கதை ஆட்டம், ஆட மூன்று விஷயம் போதும். ஆளுக்கொரு தாள், பகடை, நடுவில் ஒரு ஆள். அந்தத் தாளில் உங்கள் பாத்திரம் எண்களாக இருக்கும்: வலிமை 16, அறிவு 9, கையில் வாள், பையில் கயிறு. நடுவில் இருக்கிற ஆளை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள், சுருக்கமாக டி.எம். உலகத்தை வர்ணிப்பது, எதிரிகளுக்காகப் பேசுவது, நீங்கள் சொல்கிற கிறுக்கு யோசனைக்கு எத்தனை விழ வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அவர் வேலை. யாரும் கடைசியில் ஜெயிப்பதில்லை. கதை போகிற வரை போகும்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து வந்ததுதான் இது. படை முழுவதையும் ஆடுவதற்குப் பதிலாக ஒருவர் ஒரே ஒரு ஆளாக ஆடினால் என்ன என்கிற யோசனைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

நமக்குப் பகடை ஒன்றும் புதிதில்லை. தாயக்கட்டை உருட்டாத வீடு செட்டிநாட்டில் ஏது? பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம். ஒன்று வெறுமை, மற்றவை 1, 2, 3 புள்ளிகள். ஒரு கட்டை வெறுமையும் மற்றது ஒன்றும் காட்டினால் தாயம். மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டு விதம். எட்டில் ஒரு வாய்ப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்து முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக சுமார் 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. "எனக்கு மட்டும் தாயமே விழ மாட்டேங்குது" என்று புலம்புகிறவர் வீட்டுக்கு வீடு இருப்பதற்குக் காரணம் கிரகம் இல்லை, இந்தக் கணக்குதான்.

இந்தப் புலம்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எண்கள் சுலபமாக இடம் மாறும்

மேசை ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக யாரும் காத்திருக்கவில்லை. பெட்டி கடைக்கு வந்த மறுவருஷமே, 1975-ல், அமெரிக்கக் கல்லூரிகளை இணைத்திருந்த பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் மாணவர்கள் சுரங்க ஆட்டங்களை எழுதிவிட்டார்கள். அதில் ஒன்றுக்கு 'பெடிட்5' என்று பெயர். பாடக் கோப்புக்கென்று ஒதுக்கிய பெயர், உள்ளே ஆட்டம். நிர்வாகிகள் கண்டுபிடித்து அழிப்பார்களாம். பரீட்சை நோட்டுக்குள் காமிக்ஸ் ஒளித்துப் படித்தவர்களுக்கு இது புரியும்.

விதிகளில் பெரும்பகுதி கணக்கு என்பதால் அவை கம்ப்யூட்டருக்குத் தோதானவை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் அடிப்பது எப்படி என்று பாருங்கள். எதிரியின் கவச எண் 15. உங்கள் தாக்குதலுக்குக் கூட்டல் 5. பகடையும் கூட்டலும் சேர்ந்து கவச எண்ணைத் தொட வேண்டும், அதனால் இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். இருபதில் பதினொரு முகம், அதாவது 55 சதவீதம். நீங்கள் ஒளிந்திருந்து அடித்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வாய்ப்பு கிட்டத்தட்ட 80 சதவீதமாக ஏறும். மேசையில் இதை நாலு பேர் விரல் விட்டு எண்ணுவார்கள். கம்ப்யூட்டருக்குக் கண் சிமிட்டும் நேரம் வேண்டாம்.

பழைய பதிப்புகளில் இந்தக் கணக்கு இன்னும் கோணலாக இருந்தது. 'தாக்0' என்று ஒன்று, கவச எண் 0 உள்ள எதிரியை அடிக்க எத்தனை விழ வேண்டும் என்கிற எண். அதில் கவச எண் குறையக் குறையத்தான் ஆள் பலசாலி. உங்கள் தாக்0 15, எதிரியின் கவசம் 3 என்றால் பதினைந்திலிருந்து மூன்றைக் கழித்து 12 உருட்ட வேண்டும். எதிரியின் கவசம் கழித்தல் 2 என்றால் பதினைந்திலிருந்து கழித்தல் இரண்டைக் கழித்து, 17. ராத்திரி பதினொரு மணிக்கு இதை யார் போடுவது? 1998-ல் வந்த முதல் 'பால்டர்ஸ் கேட்' இதே விதிகளின் மேல்தான் நின்றது. ஆனால் கழித்தல் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதால் தாக்0 என்றால் என்னவென்றே தெரியாமல் ஆட்டத்தை முடித்தவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

கதை மட்டும் ஆரம்பத்தில் கம்ப்யூட்டருக்குள் அடங்கவில்லை. 1988-ல் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. நீளமான வர்ணனைகளை எல்லாம் தனிப் புத்தகமாக அச்சடித்துக் கூடவே கொடுத்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது, இன்ன எண் குறிப்பைப் படி என்று திரை சொல்லும். நீங்கள் புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டு வர வேண்டும். பாதி ஆட்டம் திரையில், பாதி மடியில். எனக்கென்னவோ அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

முறை என்கிற தலைவலி

மேசையில் ஒவ்வொருவராக முறை வைத்து ஆடுவார்கள். நான் யோசிக்கிற நேரத்தில் நீங்கள் காபி குடிக்கலாம். திரையில் பூதம் வாளை ஓங்கியபடி உங்களுக்காகக் காத்து நின்றால் நன்றாகவா இருக்கும் என்று தொண்ணூறுகளில் பலர் நினைத்தார்கள். அதனால் முதல் 'பால்டர்ஸ் கேட்' ஒரு சமரசம் செய்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்வார்கள். நீங்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உலகமே உறைந்து நிற்கும், கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி ஓட விடலாம். உள்ளே ஆறு வினாடிக்கு ஒரு சுற்று என்று விதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2003-ல் வந்த 'டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்' மேசையில் ஆடுவது போலவே முறை வைத்தது. அப்போது அது பழைய பாணியாகத் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' அதே முறைக்குத் திரும்பியது, உலகமே கொண்டாடியது. இன்னொரு பக்கம் 'சைபர்பங்க் 2077' முறையையும் பகடையையும் தூக்கியே போட்டுவிட்டது. மைக் பாண்ட்ஸ்மித் 1988-ல் உருவாக்கிய மேசை ஆட்டத்திலிருந்து ஊரையும் ஆட்களையும் மொழியையும் எடுத்துக்கொண்டு, சண்டையைத் துப்பாக்கி ஆட்டமாக மாற்றிக்கொண்டார்கள். விதியை விட்டுவிட்டு உலகத்தை மட்டும் எடுப்பதும் தழுவல்தான். இதற்கு நேர் எதிரானது 1997-ன் 'ஃபால்அவுட்'. அது 'கர்ப்ஸ்' என்ற மேசை விதிகளுக்கு உரிமம் வாங்கி ஆரம்பித்தது. நடுவில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. உடனே தாங்களே ஏழு குணங்களை வைத்து ஒரு விதித் தொகுப்பு செய்துகொண்டார்கள். இன்றைக்கு அந்த ஏழு குணங்கள்தான் அந்தத் தொடரின் முத்திரை.

எது சரி என்று கேட்டால், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆனால் பகடை கண்ணுக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கும். தாயக்கட்டையை உள்ளங்கையில் தேய்க்கும் சத்தம் இல்லாவிட்டால் தாயம் ஏது?

புலம்பலுக்கு வைத்தியம்

தாயம் விழவில்லை என்கிற புலம்பல் இங்கே வருகிறது. மேசையில் 1 விழுந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். உங்கள் வீரன் வாளை ஓங்கி, சேலைக் கொடியில் மாட்டிக்கொண்டு விழுவான் என்று டி.எம். சொல்வார். தோல்வியும் கதைதான். திரை முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறவருக்கு 1 விழுந்தால் சிரிக்க ஆள் இல்லை. அவர் முன்னால் சேமித்து வைத்த இடத்தை ('சேவ்') லோட் செய்து அங்கிருந்து மறுபடி ஆடுவார். மறுபடி 1 விழுந்தால் மறுபடி லோட். வீடியோ கேம் தயாரிப்பவர்களுக்கு இது தீராத வியாதி. எழுதி வைத்த தோல்விக் காட்சிகளை யாருமே பார்ப்பதில்லை.

இதற்குப் பல வைத்தியம் உண்டு. சிலர் பகடையிலேயே கை வைப்பார்கள். ஜப்பானின் 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் சில ஆட்டங்கள், ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கும். 75 சதவீதம் என்று திரையில் காட்டினால் உண்மையில் 87-க்கும் மேல். மனிதர்கள் 75 என்பதை 'கட்டாயம் படும்' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு ஏற்றபடி பொய் சொல்கிறது. 'பால்டர்ஸ் கேட் 3'-ல் 'கார்மிக் டைஸ்' என்று ஒரு வசதி. தொடர்ந்து மோசமாக விழாமல் பார்த்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். கர்மாவைக்கூட அணைத்து வைக்க முடிகிற இடம் அது ஒன்றுதான்.

அதே ஆட்டத்தில் இன்ஸ்பிரேஷன் என்றொரு பரிசும் உண்டு. பாத்திரத்துக்குப் பொருத்தமாக நடந்துகொண்டால் கிடைக்கும், நாலு வரை சேர்த்து வைக்கலாம், பகடை மோசமாக விழுந்தால் ஒன்றைச் செலவழித்து மறுபடி உருட்டலாம். 2014-ன் மேசை விதியில் இதை ஒன்றுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள முடியாது. திரைக்காரர்கள் ஏன் தாராளமாக்கினார்கள்? லோட் பட்டனை அழுத்தப் போகிறவர் கையில், ஆட்டத்துக்குள்ளேயே இன்னொரு வாய்ப்பைக் கொடுத்து உட்கார வைக்கத்தான் என்று நினைக்கிறேன். இதற்குக்கூட மசியாதவர்களுக்காக ஒரே சேவ் மட்டும் வைத்து ஆடும் ஹானர் மோடையும் அதே வருஷம் சேர்த்தார்கள்.

நடுவில் இருக்கும் ஆள்

எண், முறை, பகடை மூன்றும் இடம் மாறிவிட்டன. மாறாமல் அடம்பிடிப்பது "சரி, உருட்டு" என்று சொல்கிற ஆள்தான். கம்ப்யூட்டருக்கு எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நாய்க்குத் தேன்குழல் போடலாம் என்று எழுதியவருக்குத் தோன்றியிருந்தால்தான் அது பட்டியலில் வரும்.

இதற்கு நல்ல அத்தாட்சி 'விஷ்' என்ற மந்திரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இதற்கு மேல் மந்திரம் இல்லை. வேண்டியதை வாய்விட்டுக் கேட்கலாம். எப்படிக் கொடுப்பது, கொடுத்துவிட்டு எப்படிக் கழுத்தை அறுப்பது என்பது டி.எம். கையில். "என் தாத்தா பர்மாவில் விட்டுவந்த சொத்தெல்லாம் திரும்ப வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், "வந்துவிட்டது, அதன் கடனோடு" என்று டி.எம். சொல்லலாம். இதை எந்த நிரல் எழுத முடியும்? 'பால்டர்ஸ் கேட் 3' பாத்திரங்களை 12-ஆம் லெவலோடு நிறுத்திவிட்டது. ஒன்பதாம் படி மந்திரமான விஷ் கிடைக்க 17-ஆம் லெவல் வேண்டும். அந்தக் கதவையே அவர்கள் கட்டவில்லை. கெட்டிக்காரத்தனம்.

ஆளை எப்படி ஈடுகட்டுவது? எனக்குத் தெரிந்து மூன்று விதமாகச் செய்திருக்கிறார்கள்.

ஒன்று, மூச்சு முட்ட எழுதித் தள்ளுவது. பால்டர்ஸ் கேட் 3-ல் செத்தவரோடு பேசும் மந்திரம் உண்டு, ஐந்து கேள்வி வரை கேட்கலாம். மேசையில் பிணம் என்ன சொல்லும் என்று டி.எம். அந்த நிமிஷத்தில் கற்பனை செய்துகொள்வார். இங்கே பேசக்கூடிய ஒவ்வொரு பிணத்துக்கும் யாரோ உட்கார்ந்து வசனம் எழுதி, யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். விலங்குகளுக்கும் அப்படித்தான். எலிக்கும் மாட்டுக்கும் வசனம் எழுதிய வேலை அது. கூடவே கதைசொல்லி ஒருத்தியின் குரல், உங்கள் காதோரம் நின்று நடப்பதைச் சொல்லும். அது டி.எம்.-இன் நிழல்.

ரத்தக்காட்டேரிகளாக ஆடும் ஒரு மேசை ஆட்டத்திலிருந்து 2004-ல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' வேறு மாதிரி எழுதியது. அதில் மால்கேவியன் என்ற பித்துப்பிடித்த குலத்தில் ஆடினால், உங்கள் பாத்திரம் பேசும் வசனம் ஆட்டம் முழுக்க வேறு. சாலையில் நிற்கும் 'நில்' பலகையோடு சண்டைக்குப் போகலாம். நாஸ்ஃபெராட்டு குலத்தில் ஆடினால் முகம் பார்க்கச் சகிக்காது, தெருவில் நடமாட முடியாமல் சாக்கடை வழியாகவே ஊரைச் சுற்ற வேண்டும். தாளில் ஒரு வரியாக இருந்த குலம், இங்கே நடக்கும் பாதையையே மாற்றிவிடுகிறது. நல்ல தழுவல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது வழி, ஆளையே உள்ளே கூட்டிவருவது. 2002-ல் பயோவேர் வெளியிட்ட 'நெவர்விண்டர் நைட்ஸ்' ஆட்டத்தில் கதையை நீங்களே கட்டுவதற்கான கருவிகள் கூடவே வந்தன. அதோடு டி.எம்.-க்கென்று தனி நுழைவு. நண்பர்கள் இணையம் வழியாக ஆட, ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டு பூதத்தின் உடம்புக்குள் புகுந்து பேசலாம், திடீரென்று நாலு திருடர்களை இறக்கலாம். தேன்குழல் கேள்விக்கு இதுதான் நேரான பதில், ஏனென்றால் "சரி" என்று சொல்ல அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். ஆனால் உழைப்பு அதிகம். மேசையில் "இரண்டாங்கட்டில் ஒரு கிணறு இருக்கிறது" என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இங்கே கிணற்றை இழுத்துவந்து வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்டோனியாவில் பிறந்த ஒரு குழு 2019-ல் வெளியிட்ட 'டிஸ்கோ எலீசியம்'. அதன் உலகம் முதலில் அவர்கள் மேசையில் ஆடிய உலகம். அதில் சண்டைக்கென்று தனி அமைப்பே இல்லை. நீங்கள் நினைவிழந்த ஒரு போலீஸ்காரர். உங்களுக்கு 24 திறன்கள், ஒவ்வொன்றும் உங்கள் மண்டைக்குள் ஒரு குரலாகப் பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், திமிர் இன்னொன்று சொல்லும், இரண்டும் அடித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு முடிவெடுப்பது மாதிரி. டி.எம்.-ஐ 24 துண்டாக்கித் தலைக்குள் குடிவைத்துவிட்டார்கள். ஆறு முகப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். தோற்றாலும் பெரும்பாலும் கதை நகரும், சில சமயம் ஜெயித்ததை விடச் சுவையாக. லோட் செய்யும் கை தானாக ஓய்ந்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு இதைச் செய்யாதா என்று கேட்பீர்கள். 2019-லேயே 'ஏஐ டன்ஜன்' என்று ஒன்று வந்தது. நீங்கள் எதைத் தட்டினாலும் கதையைத் தொடரும். தேன்குழல் போடலாம், நாயோடு கல்யாணமே பேசலாம். ஆடிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்த சங்கடம், அது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது, முன்னால் சொன்னதை மறந்தும் போனது. டி.எம்.-இன் பாதி வேலை "முடியாது" என்று சொல்வது. "சரி" என்பதற்கு ருசி வருவதே அதனால்தான்.

கூட உட்கார்ந்தவர்கள்

இன்னொன்று விட்டுப்போகிறது. மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்களே, அவர்கள் எங்கே? தனியாக ஆடுகிறவருக்கு அவர்களுக்குப் பதிலாகத் துணைப் பாத்திரங்கள் வருகின்றன. இந்த வகை ஆட்டங்களில் சண்டையை விடத் துணைகளைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதற்கு இதுதான் காரணம். பால்டர்ஸ் கேட் வரிசையில் மின்ஸ்க் என்று ஒரு முரட்டு வீரன். பூ என்கிற வெள்ளெலியைக் கூடவே வைத்துக்கொண்டு அதனிடம் யோசனை கேட்பான். அவன், முதல் ஆட்டத்தைச் செய்த பயோவேரில் வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் மேசையில் ஆடியபோது பிறந்தவன். எழுத்தாளர் அறையில் உட்கார்ந்து யோசித்தால் அந்த எலி வந்திருக்குமா என்பது சந்தேகம். மேசையில் யாரோ ஒருவர் விளையாட்டாகச் சொல்லி, இன்னொருவர் சிரித்து, அடுத்த வாரமும் அது வந்து, அப்படித்தான் இவை நிலைக்கின்றன.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: பால்டர்ஸ் கேட் 3-ல் இறங்குவதற்கு முன் ஒரு ராத்திரியாவது மேசையில் ஆடிவிடுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பெயரைக் குறிப்பிட்டால் போதும். இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால் மொபைலில் உருட்டலாம். மொபைலும் செத்துவிட்டால் தாயக்கட்டையையே வைத்து ஆடலாம், 4-க்கு மேல் விழுந்தால் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வெறுமை என்றால் 12 என்பதால் பதினாறில் நாலு. கடினம்தான், ஆனால் பேய் வீட்டுக்குப் பொருத்தம்.

தங்கை மகள் அன்றைக்கு லேப்டாப்பில் அரை மணி நேரம் ஆடினாள். ஸ்க்ராட்ச் கையை முகர்ந்து பார்த்தது. "நல்ல நாய்தான்" என்றாள், "ஆனா இது நம்ம நாய் இல்லை." பொங்கல் முடிந்து கிளம்பும்போது தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ எழுதி என் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறினாள். கறுப்பு நாயின் கேரக்டர் ஷீட். வலிமை 14. அறிவு 11. வால் 20.

வீட்டைப் பூட்டிச் சாவிக்கொத்தைக் காரைக்குடியில் கொடுத்தாகிவிட்டது. தாள் என் பையில் பகடையோடு கிடக்கிறது. வால் 20 எதற்கெல்லாம் உதவும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.